குற்றாலத்துக்கு ஒரு தேதி

ஜூன் 8, ஞாயிறு

சர்க்கரை, வெறும் வயிற்றில் 148. தினமும் எழுதி வைக்கும்படி டாக்டர் சொன்னதால் இந்த டைரியை எடுத்தேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆய்வகத்துக்குச் சாமான் போடுகிறவர் ஜனவரியில் கொடுத்தது. பக்கம் பெரிதாக இருக்கிறது. ஒரு எண்ணுக்காக முழுப் பக்கத்தையும் காலியாக விட மனம் வரவில்லை.

காலையில் உலகம்மாள் வந்தாள். காலமான என் தம்பி கோமதிநாயகத்தின் மனைவி. அடுத்த தெருவில் வீடு. ஆரம்பப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். அந்த வேலைக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தவன் நான்தான். என் மனைவி வடிவு கொடுத்த காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அத்தான், குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சிருச்சாம். இந்த வருசம் ஒரு நாள் எல்லாரும் போயிட்டு வருவமா? நீங்கதான் நாள் பாத்துச் சொல்லணும்."

வடிவு உடனே, "போவமே, கோவில்பட்டி வெயில்ல வெந்து கெடக்கோம்" என்றாள். யோசிக்காமல் பேசுவது அவள் வழக்கம்.

பதினெட்டு வருடமாக எங்கள் வீட்டில் ஒருவரும் குற்றாலம் போனதில்லை. நாயகம் போனது அங்கேதான். எப்படிப் போனான் என்பது ஊருக்கே தெரியும், இங்கே எழுத ஒன்றுமில்லை. பதினெட்டு வருடம் வாய் திறக்காதவள் இந்த வருடம் ஏன் கேட்கிறாள்? கேட்டாலும் நாள் குறிக்க நான் எதற்கு? ஒரு பஸ் ஏறினால் சங்கரன்கோவில், இன்னொன்று ஏறினால் தென்காசி. அவளும் மகள் குழலியும் போய் வரலாமே.

ஜூன் 9

பேப்பரில் பார்த்தேன். அருவியில் தண்ணீர் கயிறு போலத்தான் விழுகிறதாம். நல்லது.

ஜூன் 14, சனி

சர்க்கரை 151. முருங்கையில் கம்பளிப்பூச்சி. தீப்பந்தம் கட்டிக் காட்டினேன்.

சாயங்காலம் உலகம்மாள் வீட்டுக்குப் போய், "தண்ணி இல்லம்மா, இப்பம் போயி பாறையைத்தான் பாக்கணும்" என்றேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "நேத்துல இருந்து நல்லா விழுதாமே அத்தான். சாரலும் இருக்காம்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"சொன்னாங்க."

பேப்பரில் அப்படி ஒன்றும் இல்லை. இவளுக்கு யார் சொல்கிறார்கள்?

ஜூன் 21, சனி

ஆய்வகத்தில் இருப்புப் பதிவேடு எழுதினேன். தவளை ஜாடியில் ஃபார்மலின் வற்றியிருந்தது, ஊற்றி மூடினேன்.

உலகம்மாளிடம் பேப்பரைக் காட்டினேன். 'குற்றாலத்தில் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை.' வாங்கி வாசித்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அது முந்தாநாள் பேப்பர் என்பதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பதற்குப் பொய் என்று பெயர் கிடையாது.

ஆனால் மடிக்கும்போது ஒரு கணம் தேதி இருக்கும் மூலையைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஜூன் 25

போன சனிக்கிழமையே தடையை எடுத்துவிட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் குடும்பத்தோடு போய்க் குளித்துவிட்டு வந்து சொன்னார். எனக்கு ஒரு பை ரம்புட்டான் பழம் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பஸ் ஸ்டாண்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

குழலி வந்தாள். நாயகத்தின் மகள், முழுப்பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மனின் பெயரை அவன்தான் ஆசையாக வைத்தான். அவன் போகும்போது அவளுக்கு ஆறு வயது. இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேலை. படிக்க வைத்ததில் என் பங்கும் உண்டு. என் விரலில் குத்தி அவளே சர்க்கரை பார்த்தாள். 163.

"பெரியப்பா, எதையும் யோசிச்சு மண்டையப் போட்டு ஒடைக்கியளா? ஏறிக்கிட்டே போகுது."

"ஒண்ணுமில்லம்மா."

பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள். "அப்பா எந்த அருவியில போனாரு?"

"ஐந்தருவி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "அம்மா மெயின் அருவின்னுல்லா சொல்லுதா?"

"ஆமா, மெயின் அருவிதான். வயசாகுதுல்லா, மறதி."

மறக்கக்கூடிய விஷயமா? அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். தாய் சொல்லி அனுப்பித்தான் கேட்டாளோ?

ஜூலை 6, ஞாயிறு

குழலியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சுரண்டையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் சிவனணைந்தான், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு ஒருவரை ஒருவர் பிடித்துவிட்டது. ஆடி கழிந்ததும் ஆவணியில் நிச்சயம் என்று பேச்சு வந்தது.

கேசரி சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார். "தப்பா நெனைக்கப்படாது. பொண்ணோட அப்பா எறந்ததைப் பத்தி ஊருக்குள்ள ஒரு மாதிரியாச் சொல்லுதாங்க. எங்க மூத்த மகன் குடியாலதான் போனான். அதனால அந்தப் பேச்சைக் கேட்டாலே எங்க வீட்டம்மாவுக்குப் பயம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினெட்டு வருடமாக நான் சொல்லும் வாக்கியம் ஒன்று இருக்கிறது. பழகின வாக்கியம், தானாக வரும். 'கொஞ்சம் பழக்கம் இருந்தது, அன்னைக்கு ஜாஸ்தியாயிருச்சு.' வாயைத் திறந்துவிட்டேன்.

உலகம்மாள் குறுக்கே வந்தாள். "அண்ணாச்சி, அதை ஆடி கழிச்சு நானே வந்து உங்ககிட்ட சொல்லுதேன். அதுக்கு முன்னாடி எனக்குக் குற்றாலத்துல ஒரு சோலி இருக்கு."

கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். என்ன சோலி?

ஜூலை 7

பாத்ரூம் சுவரில் கசிவு. கொத்தனார் வருவதாகச் சொல்லி வரவில்லை. சர்க்கரை பார்க்கவில்லை.

ஜூலை 9, புதன்

உலகம்மாள் வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றப் போயிருந்தேன். இன்று பார்த்ததை எழுதியே ஆகவேண்டும்.

அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. கட்டங்களுக்குள் பென்சிலில் பொடி எழுத்து. சத்துணவில் எத்தனை பிள்ளை சாப்பிட்டது, எத்தனை முட்டை என்று தினமும் பதிகிறவள், அந்தப் பழக்கமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். ஜூலை 5, 'அத்தான்: கூட்டம், பஸ் கிடைக்காது.' அதன் கீழே 'கூட்டம் சுமார்.' முந்தின தாளைத் தூக்கினேன். ஜூன் 14, 'அத்தான்: தண்ணி இல்லை.' கீழே 'நல்ல தண்ணி.' ஜூன் 21, 'அத்தான்: தடை.' கீழே 'தடை இல்லை.'

நான் சொன்ன ஒவ்வொன்றும் இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழேயும் உண்மை இருக்கிறது.

உலகம்மாள் மோர் கொண்டு வந்தாள். நான் காலண்டர் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். "குடிங்க அத்தான், வேர்த்திருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜூலை 11

ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள். "செவ்வாக்கெழமைன்னா கூட்டம் இருக்காதுல்லா? சரி ஞானதுரை அண்ணே."

ஞானதுரை. அன்றைக்குக் குற்றாலம் போனது மூன்று பேர். நான், நாயகம், என் கூட்டாளி ஞானதுரை.

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வடிவிடம், சங்கரன்கோவிலில் ஒரு துஷ்டி வீடு, துக்கம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தென்காசி இறங்கி, டவுன் பஸ்ஸில் குற்றாலம். ஞானதுரை அருவிக்குப் போகும் ரோட்டில் பழக்கடை போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். தேடவேண்டிய அவசியம் இல்லை. மங்குஸ்தான் குவியலுக்குப் பின்னால் தலையெல்லாம் நரைத்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நீ வருவேன்னு தெரியும்ல ஆவுடையப்பா. ஆனா இவ்வளவு வருசம் ஆகும்னு தெரியாது."

"உலகம்மாகிட்ட என்ன சொன்ன?"

"தண்ணி எப்படி விழுது, கூட்டம் எப்பம் கொறையும்னு கேட்டா. சொன்னேன்."

"வேற?"

"வேற என்ன இருக்கு சொல்லுததுக்கு?" அவன் ஒரு பழத்தைப் பிளந்து என் பக்கம் நீட்டினான். நான் வாங்கவில்லை. "நீதான சொல்லணும்."

"அவ எதுவும் கேக்கலையா?"

"கேக்கல. அதான் எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு. கேட்டிருந்தா சொல்லிருப்பேன். போலீஸ்ல நீ சொன்னதுக்கு நான் தலைய மட்டுந்தான் ஆட்டுனேன். தலைய ஆட்டுனவனுக்கே இந்தப் பாடுன்னா, ஒனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுக்குவேன்."

"சத்தம் போடாத. ஆளுக போறாங்க."

"போறவனுக்கு என்னல தெரியும்? அவன் குளிக்கப் போறான்."

அருவிச் சத்தம் அங்கேயே கேட்டது. அந்தச் சத்தம் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் காதில் இருந்தது. அருவிப் பக்கம் போகவில்லை. தலைவலி.

வீட்டுக்கு வந்ததும் வடிவு கேட்டாள். "துஷ்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தவுக தலைக்குக் குளிக்க வேண்டாமா? அப்படியே உள்ள வாரீகளே."

ஜூலை 16

ஆய்வகத்தில் இரண்டு பீக்கரை உடைத்தேன். இருபத்தாறு வருட சர்வீஸில் முதல் தடவை.

ஜூலை 20, ஞாயிறு

உலகம்மாள் வந்தாள். இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை, சொன்னாள்.

"ஆகஸ்ட் அஞ்சு, செவ்வாக்கெழமை. குழலிக்கு அன்னைக்கு லீவு. எனக்கும் லீவு சொல்லிட்டேன். கார் பேசியாச்சு. நீங்களும் அக்காவும் வந்தாப் போதும்."

"தண்ணி ஜாஸ்தியாகி தடை போட்டுட்டா?"

"போட்டா எடுக்கிற வரைக்கும் அங்கனயே இருப்போம் அத்தான்."

வடிவு சிரித்தாள். உலகம்மாள் சிரிக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்கும் நாயகத்துக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். வருடா வருடம் செய்வதுதான். இந்த வருடம் ஐயர் இரண்டாவது பெயரைக் கேட்டபோது உடனே சொல்ல வரவில்லை. "பெயர்?" என்று மறுபடி கேட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மலையில் கனமழை. மெயின் அருவியின் ஆர்ச் வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது என்று டிவியில் காட்டினார்கள். எல்லா அருவியிலும் தடை. மூன்று வாரத்துக்குப் பிறகு இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 4

சாயங்காலம் தடை நீக்கப்பட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வந்து சேர்ந்ததும் வடிவு படுத்துவிட்டாள். நான் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். சர்க்கரை பார்க்கவில்லை. இன்று நடந்ததை விடாமல் எழுதுகிறேன்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சாரல் முகத்தில் அடித்தது. பெண்கள் பக்கம் கூட்டம் இல்லை. வடிவும் குழலியும் குளிக்கப் போனார்கள். குழலி தாயைத் திரும்பிப் பார்த்தாள். "போ, கம்பியை விடாம நின்னு குளி" என்றாள் உலகம்மாள். அவள் போகவில்லை. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கல் மேல் உட்கார்ந்தாள். நானும் குளிக்கவில்லை. இரண்டு முழம் தள்ளி நின்றேன்.

"எந்த எடம் அத்தான்?"

ஆண்கள் பக்கத்தில், கம்பித் தடுப்பு முடியும் இடத்தைக் காட்டினேன். அங்கே ஒருவர் எண்ணெய் தேய்த்த உடம்போடு தலையைக் குனிந்து அருவிக்குள் நின்றுகொண்டிருந்தார். உலகம்மாள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள். அருவிச் சத்தத்தில் நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அன்னைக்கு அவுகளைக் கொண்டாந்து எறக்குனப்ப நான் கூடவே இருந்தேன். மேல சட்டை இருந்துச்சு. கையில வாட்ச் இருந்துச்சு. குளிக்கப் போற மனுசன் வாட்ச்சைக் கழட்டாமலா போவாரு? தலையில ஒரு சொட்டு எண்ணெ இல்ல. நீங்க பக்கத்துல நின்னு அழுதீக. உங்க மேலதான் எண்ணெ வாடை அடிச்சது."

நான் கீழே ஈரப் பாறையைப் பார்த்தேன்.

"அன்னையில இருந்து எனக்கு இது மண்டைக்குள்ள கெடக்கு. ஆனா கேக்கல. ஏன் கேக்கல தெரியுமா? என் பிள்ளைக்கு ஆறு வயசு. நீங்க வேலை வாங்கிக் குடுத்தீக, படிக்க வச்சீக. கேட்டுட்டா எல்லாம் நின்னு போகும்னு வாய மூடிக்கிட்டேன். குடிகாரன் பொண்டாட்டின்னு சொன்னாங்க, கேட்டுக்கிட்டேன். குடிகாரன் மகள்னு அவளைப் பள்ளிக்கூடத்துல சொன்னாங்க, அதையும் கேட்டுக்கிட்டேன். இப்பம் அவ சம்பாதிக்கா. இனிமே நான் கேக்கலாம். அதான் இந்த வருசம்."

"ஞானதுரை..."

"அவரு ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. நீங்க சொல்லணும்னுதான் நாள் குறிக்கச் சொன்னேன். உங்க மனசுல ஒண்ணும் இல்லைன்னா மொத நாளே வந்திருப்பீக. ரெண்டு மாசம் ஆச்சு."

பாறை மேல் உட்கார்ந்தேன். பதினெட்டு வருடம் சொன்ன வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதை விட்டுவிட்டு, வேறு ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன். சொன்னதை அப்படியே இங்கேயும் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் தடை போட்டுவிட்டார்கள். கயிறு கட்டி, காவலர் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார். நானும் ஞானதுரையும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன்பே குடித்திருந்தோம். நாயகம் குடிக்கவில்லை. அவன் ஒருநாளும் குடித்ததில்லை. எங்கள் துணிகளைக் காவல் காத்துக்கொண்டு, சட்டை போட்டபடி கரையில் உட்கார்ந்திருந்தான். காவலர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து போனேன். "அண்ணே, வேண்டாம், வா" என்று நாயகம் கூப்பிட்டான். "இதெல்லாம் ஒரு தண்ணியால?" என்று சொன்னேன். அதுதான் அவனிடம் நான் கடைசியாகச் சொன்னது.

வழுக்கியது. ஒரு கை கம்பியில் இருந்தது, உடம்பு தண்ணீரில் கிடந்தது. கை விட்டுப்போகும் சமயம் யாரோ பின்னாலிருந்து என் இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கினார்கள். கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். சட்டை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. மறுநாள் காலையில் சிற்றாற்றில் வெகுதூரம் தள்ளி எடுத்தார்கள்.

விசாரிக்கும்போது, "குடிச்சுட்டு எறங்குனது யாரு?" என்று கேட்டார்கள். நான் அரசாங்கப் பள்ளிக்கூடத்து ஊழியன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் நினைத்து முடிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. "என் தம்பி." அதை அன்றே திருத்தியிருக்கலாம். மறுநாள் திருத்தியிருக்கலாம். நாள் ஆக ஆக, அதுவே நடந்தது போல ஆகிவிட்டது.

உலகம்மாள் அழவில்லை. அருவிப் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"'அண்ணே, வேண்டாம், வா'ன்னு."

அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் முந்தானையை முகத்தில் வைத்தாள்.

குழலி ஈரத் தலையோடு வந்தாள். "ஏம்மா, என்ன?" என்றாள். உலகம்மாள் துண்டை எடுத்து மகள் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"இப்பம் எங்கிட்ட சொன்னதை இவகிட்டயும் சொல்லுங்க. பெறகு சுரண்டைக்குப் போயி அவுககிட்டயும் நீங்களே சொல்லுங்க. அவரு பேரைக் கெடுத்தது உங்க வாய். நல்லதாக்குறதும் அந்த வாயாத்தான் இருக்கணும்."

அங்கேயே, வடிவும் நிற்க, சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையை விடக் கஷ்டம்.  சொல்லி முடித்ததும் குழலி தாயின் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தாள். திரும்பி வரும்போது முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

ஆகஸ்ட் 6

வடிவு சமைத்தாள். பரிமாறவில்லை.

ஆகஸ்ட் 8

இரவு விளக்கை அணைத்த பிறகு வடிவு கேட்டாள். "என்கிட்டயாவது சொல்லிருக்கலாமில்லா? இருவத்தெட்டு வருசம் பக்கத்துல படுத்திருக்கேன்."



ஆகஸ்ட் 10, ஞாயிறு

சுரண்டை போனேன். தனியாகப் போனேன்.

சிவனணைந்தான் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் மனைவி கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார், கடைசிவரை வாயில் போடவில்லை.

"இதைச் சொல்லாமலே இருந்திருந்தா எங்களுக்குத் தெரியவா போகுது?" என்றார்.

"தெரியாது."

"பெறகு ஏன் வந்தீக?"

"தம்பி பொண்டாட்டி சொல்லச் சொன்னா." என் மனசாட்சி சொன்னது என்று சொல்லியிருக்கலாம். கேட்க நன்றாக இருந்திருக்கும். ஆனால் அது நிஜமில்லை. அவள் கேட்டிருக்காவிட்டால் நான் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன். அதையும் அவரிடம் சொன்னேன்.

அவர் மனைவிதான் பேசினாள். "அந்தப் புள்ள எங்க வீட்டுக்கு வரட்டும்ங்க. கூடப்பொறந்தவனுக்காகத் தண்ணியில எறங்குன மனுசன் மக. அதுக்கு மேல என்ன வேணும்?"

சிவனணைந்தான் வாசல் வரை வந்தார். "உங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல அண்ணாச்சி. பஸ் இப்பம் வரும்" என்றார்.

ஆகஸ்ட் 17

ஆவணி பிறந்துவிட்டது. உலகம்மாள் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். ஏணி கேட்டு ஆள் வந்தது. ஏணியைக் கொடுத்தேன். கூட நானும் வரட்டுமா என்று கேட்டேன். "உலகம்மாக்கா வேண்டாம்னுட்டாக" என்றான் வந்தவன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது.

தட்டு மாற்ற நேரம் வந்ததும், "பெரியப்பா முன்னால வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. குழலி எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கம்மா மாத்துவா" என்றாள். விதவை தட்டு மாற்றுவதா என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. சிவனணைந்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக உலகம்மாள் முன்னால் போய் நின்றார். முணுமுணுப்பு அடங்கிவிட்டது. உலகம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் வடிவின் சித்தப்பா உட்கார்ந்தார். சாம்பார் ஊற்றும்போது என் காதோரம் சாய்ந்து, "எப்படியோ, நாயகம் குடிச்சுச் சீரழிஞ்சாலும் பொண்ணுக்கு நல்ல எடம் அமைஞ்சிருச்சு" என்றார்.

"நாயகம் குடிக்க மாட்டான்" என்றேன். "குடிச்சது நான். என்னையத் தூக்கிவிடத்தான் அவன் எறங்குனான்."

மெதுவாகச் சொல்லவில்லை. எதிர்ப் பந்திக்கும் கேட்டது. சித்தப்பா இலையை மூடிவிட்டு எழுந்து போனார். என் பக்கத்து நாற்காலியில் அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவன் என் இலையைத் தாண்டிப் போனான். சர்க்கரைக்காரன் என்று தாண்டினானா, வேறு எதற்காகவா என்று நான் யோசிக்கவில்லை.

கை கழுவும் இடத்தில் குழலி நின்றாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. இருபது நாளாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஒதுங்கி வழி விட்டேன். அவள் போகவில்லை.

"அப்பாவுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் மூடினாள்.  பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் போனாள்.